ஜனாதிபதி மேல் கேஸ் போட முடியுமா?



காஞ்சிபுரம் பக்கத்தில் கூரத்தில் பட்டுத் தறி வைத்திருக்கும் வாசகர் ஒருவர் ஒரு கேள்வி கேட்டு எழுதியிருக்கிறார். நெசவாளர் சொசைட்டி தலைவர் மேல் புகார் எழுந்தால் கூட்டுறவுச் சட்டத்தின் 81-வது பிரிவில் விசாரணை வருகிறது. பஞ்சாயத்துத் தலைவர் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினால் கலெக்டர் ஆபீஸிலிருந்து நோட்டீஸ் வருகிறது. தறிக்காரர் பாங்க் கடனில் தவணை தவறினால் கேட்கவே வேண்டாம், வாசலிலேயே ஆள் வந்து நிற்கிறார். அப்படியிருக்க, நாட்டுக்கே தலைவராக இருக்கிற ஜனாதிபதி ஒரு குற்றம் செய்தால் யார் கேட்பது? அவர் பதவியில் இருக்கும்போதே கேஸ் போட முடியுமா?

நல்ல கேள்வி. தென் கொரியாவில் பதவியில் இருந்த அதிபரையே கைது செய்தார்கள். இலங்கையில் முன்னாள் ஜனாதிபதி ஒருவரை சி.ஐ.டி. கைது செய்தது. இதையெல்லாம் டி.வி.யில் பார்க்கிற யாருக்கும் நம் ஊரில் சட்டம் என்ன சொல்கிறது என்று தோன்றத்தானே செய்யும்?

நேராகவே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் ஜனாதிபதி பதவியில் இருக்கும்வரை அவர் மேல் கிரிமினல் கேஸ் போட முடியாது. ஆனால் அவரைப் பதவியிலிருந்து இறக்க முடியும்.

முதல் பாதியைச் சொல்வது அரசியல் சட்டத்தின் 361-வது பிரிவு. ஜனாதிபதியோ ஆளுநரோ பதவியில் இருக்கும் காலம் முழுக்க எந்தக் கோர்ட்டிலும் அவர் மேல் கிரிமினல் வழக்கு தொடங்கக்கூடாது. முன்பே நடந்துகொண்டிருந்த வழக்கையும் தொடரக்கூடாது. கைது வாரன்ட்டும் கூடாது.

இரண்டாவது பாதி 61-வது பிரிவு. நாம் இம்பீச்மென்ட் என்று சொல்கிறோமே, அதுதான். லோக்சபாவோ ராஜ்யசபாவோ, ஏதாவது ஒரு சபையில் நாலில் ஒரு பங்கு உறுப்பினர்கள் கையெழுத்துப் போட்டு, 14 நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அந்தச் சபையின் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் குற்றச்சாட்டை ஏற்க வேண்டும். பிறகு இன்னொரு சபை விசாரிக்கும். ஜனாதிபதி நேரில் வந்து தன் பக்கத்தைச் சொல்லலாம், வக்கீலையும் அனுப்பலாம். அங்கேயும் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தால் அன்றைக்கே பதவி போய்விடும்.

காரணம் ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும்: அரசியல் சட்டத்தை மீறியது. எதெல்லாம் மீறல் என்று சட்டத்தில் விளக்கம் இல்லை. 1950-ல் குடியரசானதிலிருந்து இன்றுவரை ஒரு ஜனாதிபதி மேலும் இது பயன்படுத்தப்பட்டதில்லை.

வழி இருப்பது வேறு, அந்த வழியில் நடந்து ஊர் போய்ச் சேர்வது வேறு என்பதும் உங்களுக்குத் தெரியும். 1993 மே மாதம் சுப்ரீம் கோர்ட் நீதிபதி வி.ராமசாமியைப் பதவி நீக்கும் தீர்மானம் லோக்சபாவுக்கு வந்தது. ஆதரவாக 196 ஓட்டு. எதிராக ஒரு ஓட்டுகூட இல்லை. ஆனாலும் தீர்மானம் தோற்றது. காங்கிரஸ் உறுப்பினர்கள் எந்தப் பக்கமும் ஓட்டுப் போடாமல் உட்கார்ந்திருந்தார்கள். தேவையான எண்ணிக்கை வரவில்லை. அமெரிக்காவிலும் இதே கதைதான். ஆண்ட்ரூ ஜான்சன், கிளின்டன், இரண்டு முறை டிரம்ப் என்று பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்டியது. செனட் ஒருவரைக்கூடப் பதவியிலிருந்து இறக்கவில்லை. கட்சி எண்ணிக்கைதான் கடைசியில் தீர்மானிக்கிறது.

சரி, இந்தப் பாதுகாப்பை எதற்குக் கொடுத்தார்கள்? ராஜா தப்பே செய்ய மாட்டார் என்ற பழைய நம்பிக்கையின் மிச்சமா?

கூரத்துக்காரர்களுக்கு ராஜாவின் அதிகாரம் என்றால் என்னவென்று யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. கூரத்தாழ்வான் பிறந்த ஊர் அது. ராமானுஜருக்குப் பதிலாகச் சோழன் சபைக்குப் போய், ராஜாவின் ஆணைக்குப் பணிய மறுத்து, கண்களை இழந்தவர் அவர் என்று வைணவ குருபரம்பரை சொல்கிறது. கண் போனவர் யாரிடம் போய் முறையிடுவார்? நீதி வழங்க வேண்டியவரே ராஜாதானே! அந்த ஏற்பாடு வேண்டாம் என்றுதான் குடியரசு ஆனோம்.

361-வது பிரிவுக்கு நான் காணும் நியாயம் வேறு. இவ்வளவு பெரிய நாட்டில் ஒவ்வொரு மாவட்டக் கோர்ட்டிலும் ஆளுக்கொரு கேஸ் போட்டால் அந்த ஐந்து வருடமும் ஜனாதிபதிக்கு வாய்தாவிலேயே போய்விடும். பாதிச் சேலையில் தறியை நிறுத்தச் சொன்னால் கெடுவது சேலைதானே? பதவிக்காலம் முடிந்ததும் கேஸ் போடலாம் என்பதால், அவருக்குக் கிடைப்பது ஒரு தவணைதான், மன்னிப்பு கிடைப்பதில்லை. இதுவரைக்கும் எனக்கு ஆட்சேபம் கிடையாது.

கோர்ட் வாசலையே மிதிக்காதவர்கள் என்றும் நம் ஜனாதிபதிகளைச் சொல்லிவிட முடியாது. 1969-ல் வி.வி.கிரி ஜெயித்த தேர்தலை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டில் வழக்கு வந்தது. அது கிரிமினல் கேஸ் இல்லை, தேர்தல் வழக்கு. கிரி ஜனாதிபதியாக இருந்துகொண்டே கோர்ட்டுக்கு நேரில் வந்து சாட்சி சொன்னார். 1970-ல் தீர்ப்பு அவருக்குச் சாதகமாகவே வந்தது. ஜனாதிபதி மாளிகையின் கௌரவம் அதனால் குறைந்தா போனது?

இன்னொன்று, நம் அப்துல் கலாம் சம்பந்தப்பட்டது. 2005 மே மாதம் அவர் மாஸ்கோவில் இருந்தார். பீகார் சட்டசபையைக் கலைக்க ஆளுநர் பூட்டா சிங் சிபாரிசு செய்ய, மத்திய அமைச்சரவை அதை நள்ளிரவில் ஏற்றுக்கொண்டு அவருக்கு அனுப்பியது. கலாம் அங்கிருந்தே கையெழுத்துப் போட்டார். அந்தக் கலைப்பு அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது.

வழக்கு நடந்தபோது கலாமுக்கு யாரும் சம்மன் அனுப்பவில்லை, கூண்டில் ஏற்றவும் இல்லை. ஆனால் அவர் கையெழுத்திட்ட உத்தரவை எடுத்து விரித்து வைத்து ஆராய்ந்தார்கள். 361-வது பிரிவு ஆளைத்தான் காப்பாற்றும், அவர் செய்த காரியத்தைக் காப்பாற்றாது என்பதை 2006 ஜனவரியில் வந்த விரிவான தீர்ப்பு தெளிவாக்கியது. ஆளுநர் பூட்டா சிங் பதவி விலகினார். கலாமோ, ராஜினாமா கடிதமே எழுதி வைத்திருந்ததையும் பிரதமர் மன்மோகன் சிங் கேட்டுக்கொண்டதால் அதைக் கொடுக்காமல் விட்டதையும் பின்னாளில் ‘டர்னிங் பாயின்ட்ஸ்’ என்ற புத்தகத்தில் அவரே எழுதினார்.

எந்தச் சட்டமும் அவரை அந்தக் கடிதத்தை எழுதச் சொல்லவில்லை. மனசாட்சி எழுத வைத்தது. எல்லா நாற்காலியிலும் ஒரு கலாம் உட்கார்வார் என்று நம்பிச் சட்டம் எழுத முடியுமா?

முடியாது என்பதற்கு 1975 சாட்சி. எமர்ஜென்சி வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஆகஸ்ட் 9-ம் தேதி ராஜ்யசபா ஒரு அரசியல் சட்டத் திருத்த மசோதாவை நிறைவேற்றியது. ஜனாதிபதி, பிரதமர், ஆளுநர் ஆகியோர் பதவிக்கு வருவதற்கு முன்போ, பதவியில் இருக்கும்போதோ செய்த குற்றத்துக்காக ஆயுள் முழுக்க அவர்கள் மேல் கிரிமினல் கேஸ் போடக்கூடாது என்றது அது. பதவியில் இருக்கும்வரை என்பது போய், சாகும்வரை என்றானது! நல்லவேளை, லோக்சபாவில் அதை எடுத்துக்கொள்ளவே இல்லை. அதனால் சட்டமாகவில்லை. இந்த விஷயம் பள்ளிக்கூடப் பாடத்திலேயே இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இனி என் மனதை உறுத்தும் இடத்துக்கு வருகிறேன். அது ஜனாதிபதி மாளிகையில் இல்லை, ஆளுநர் மாளிகையில் இருக்கிறது.

ஜனாதிபதிக்காவது இம்பீச்மென்ட் உண்டு. ஆளுநருக்கு அதுவும் கிடையாது. அவரை நியமிப்பது மத்திய அரசு, திரும்ப அழைப்பதும் மத்திய அரசு. மாநிலச் சட்டசபை அவரை ஒன்றும் செய்ய முடியாது. போலீஸும் செய்ய முடியாது.

2024 மே மாதம் கொல்கத்தா ராஜ்பவனில் ஒப்பந்தத்தில் வேலை பார்த்த ஒரு பெண், ஆளுநர் தன்னிடம் தவறாக நடந்துகொண்டார் என்று போலீஸில் புகார் கொடுத்தார். ஆளுநர் அதை அடியோடு மறுத்தார். 361-வது பிரிவைக் காட்டி, போலீஸிடம் யாரும் எதுவும் பேச வேண்டாம் என்று ராஜ்பவன் ஊழியர்களுக்கும் சொல்லப்பட்டது. அந்தப் பெண் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். பதவிக்காலம் முடியும்வரை நான் காத்திருக்க வேண்டுமா என்பதுதான் அவர் கேட்டது. ஜூலையில் கோர்ட் நோட்டீஸ் அனுப்பியது. அட்டர்னி ஜெனரலின் உதவியையும் கேட்டது.

யார் சொன்னது உண்மை என்று தீர்ப்பு எழுத நான் யார்? உண்மையைக் கண்டுபிடிக்கும் வழியே அடைபட்டதுதான் என் கவலை. அந்தப் பெண் சொன்னது நிஜமானால் அவருக்கு நியாயம் இல்லை. நிஜமில்லை என்றால், ஆளுநருக்கும் தன் பெயரைத் துடைத்துக்கொள்ள வழி இல்லை. இதனால் யாருக்கு லாபம்?

காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து தினமும் எத்தனை பெண் பிள்ளைகள் கம்பெனி பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் போகிறார்கள்! 10 பேர் வேலை செய்யும் இடமாக இருந்தால்கூட புகார்களை விசாரிக்க உள்ளுக்குள் ஒரு குழு இருந்தாக வேண்டும் என்று 2013-ல் சட்டமே வந்துவிட்டது. அம்மாமார்கள் அந்த நம்பிக்கையில்தான் பிள்ளையை ஷிப்ட்டுக்கு அனுப்புகிறார்கள். ஒரு மாநிலத்தின் முதல் மாளிகையில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு மட்டும் அந்த நம்பிக்கை இருக்கக்கூடாதா?

இதே 361-வது பிரிவில் இன்னொரு விதியும் இருக்கிறது. ஜனாதிபதியோ ஆளுநரோ தன் சொந்த விவகாரத்தில் ஏமாற்றிவிட்டால், இரண்டு மாதம் முன்பே எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, பதவியில் இருக்கும்போதே அவர் மேல் சிவில் வழக்குப் போடலாம். கடன் பாக்கிக்குக் கேஸ் போடலாம். உடம்பில் கை வைத்தார் என்றால் காத்திருக்க வேண்டும். பணத்துக்குக் கொடுத்த வழியை மானத்துக்குக் கொடுக்காமல் விட்டது சரியா? நம் வீட்டுப் பெரியவர்கள் யாரைக் கேட்டாலும் தலையை ஆட்ட மாட்டார்கள்.

காத்திருந்தால் என்ன, ஒருநாள் கேஸ் நடக்கத்தானே போகிறது என்று கேட்கலாம். கல்யாண் சிங் விஷயத்தைப் பாருங்கள். பாபர் மசூதி இடிக்கப்பட்டது 1992 டிசம்பர் 6. அப்போது அவர் உ.பி. முதலமைச்சர். 2017-ல் சதி வழக்கை மறுபடி நடத்தச் சொன்ன சுப்ரீம் கோர்ட், அவர் ராஜஸ்தான் ஆளுநராக இருப்பதால் அவரை மட்டும் விட்டுவைத்தது. பதவி முடிந்ததும் குற்றச்சாட்டு பதிவு செய்யுங்கள் என்றது. 2019 செப்டம்பரில் அவர் ஆளுநர் மாளிகையை விட்டு வந்த அதே மாதம் குற்றச்சாட்டு பதிவானது. 2020-ல் மற்றவர்களோடு அவரும் விடுதலையானார். தள்ளிப்போட்ட வழக்கு திரும்ப வந்தது உண்மைதான். ஆனால் அங்கே சாட்சியமெல்லாம் பல வருடமாகக் கோர்ட்டில் இருந்தது. புத்தம் புதிதாக ஒரு புகார் எழும்போது, ஐந்து வருடம் கழித்து சாட்சிக்கு என்ன ஞாபகம் இருக்கும்? கேமரா பதிவு எங்கே இருக்கும்?

முதலமைச்சர்களுக்கு இந்தக் கவசம் எதுவும் இல்லை. 2014 செப்டம்பர் 27 அன்று பெங்களூரு தனிக் கோர்ட் ஜெயலலிதாவுக்கு நாலு வருடத் தண்டனை கொடுத்தபோது அவர் பதவியில் இருந்த முதலமைச்சர். அன்றைக்கே பதவி போனது. பின்னால் ஹைகோர்ட் விடுவித்தது, சுப்ரீம் கோர்ட் வேறு மாதிரி சொன்னது, அதற்குள் அவரும் மறைந்துவிட்டார். அவர் மேல் உயிரையே வைத்திருந்த வாசகர்கள் நம்மிடம் உண்டு, கோபம் கொண்டவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் ஒன்றை ஒப்புக்கொள்வீர்கள்: தமிழ்நாடு மறுநாளும் நடந்தது. ரேஷன் கடைகளும் நின்றுவிடவில்லை.

2025 ஆகஸ்ட் 20 அன்று மத்திய அரசு லோக்சபாவில் கொண்டுவந்த 130-வது திருத்த மசோதா இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஐந்து வருடமோ அதற்கு மேலோ தண்டனை கிடைக்கக்கூடிய குற்றத்துக்காகக் கைதாகி, 30 நாள் தொடர்ந்து உள்ளே இருந்தாலே பிரதமர், முதலமைச்சர், அமைச்சர் யாரானாலும் பதவி போய்விடும். தீர்ப்பு வரும் முன்பே இப்படித் தண்டிப்பது எனக்கு உடன்பாடில்லை. அது வேறு விஷயம். மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவரை 30 நாளில் இறக்கலாம், யாரும் ஓட்டுப் போடாத ஆளுநரை விசாரிக்கக்கூட முடியாது என்றால் என்ன கணக்கு இது?

காஞ்சியிலிருந்து உத்திரமேரூர் எவ்வளவு தூரம்? வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது, 919-லும் 921-லும் வெட்டியது. குடவோலை என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது அதுதான். ஊர்ச் சபையின் வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் பெயரை மறுபடி குடத்தில் போடக்கூடாது. அவருடைய நெருங்கிய உறவுகளின் பெயரையும் போடக்கூடாது. இதை எல்லோரும் சொல்வார்கள். அவ்வளவாகப் பேசப்படாத ஒரு விதி உண்டு. வாரியம் செய்துகொண்டிருக்கும்போதே ஒருவரிடம் குற்றம் கண்டால் அப்போதே அவரை விலக்க வேண்டும் என்கிறது அந்தக் கல்வெட்டு. பதவிக்காலமே 360 நாள்தான். அதுவரைக்கும்கூடப் பொறுக்கவில்லை!

அந்தச் சபையில் எல்லோருக்கும் இடம் இருக்கவில்லை. அது பிராமணர் சபை. நிலமும் சொந்த மனையில் வீடும் உள்ள ஆண்களுக்கானது. தறிக்காரருக்கோ உழுகிறவருக்கோ பெண்களுக்கோ அந்தக் குடத்தில் ஓலை இல்லை. அதை மறைத்துவிட்டுப் பெருமை பேச வேண்டாம். ஆனால் பொறுப்பில் இருப்பவரிடம் பொறுப்பில் இருக்கும்போதே கேள்வி கேட்கலாம் என்ற எண்ணம் நம் மண்ணுக்குப் புதிதில்லை.

இலங்கையைப் பார்த்தால் இது இன்னும் உறைக்கும். 1978 அரசியல் யாப்பின் 35-வது உறுப்புரை அங்கே ஜனாதிபதிக்கு மிகப் பெரிய கவசம் கொடுத்தது. 2022 ஜூலையில் மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தபோது அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச ராஜினாமா செய்துவிட்டு வெளிநாடு போகவில்லை. முதலில் நாட்டை விட்டுப் போனார், சிங்கப்பூர் சேர்ந்த பிறகுதான் கடிதம் அனுப்பினார். நாற்காலியை விட்டால் கவசமும் போய்விடும் என்பது அவருக்குத் தெரியாதா?

அங்கே காலம் மாறுகிறது. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளைத் தடுக்கத் தவறியதற்காக, அப்போது ஜனாதிபதியாக இருந்த மைத்திரிபால சிறிசேன 10 கோடி இலங்கை ரூபாய் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025 ஆகஸ்ட் 22 அன்று ரணில் விக்கிரமசிங்க கைதானார். ஜனாதிபதியாக இருந்தபோது தனிப்பட்ட லண்டன் பயணத்துக்கு அரசுப் பணத்தைப் பயன்படுத்தினார் என்பது புகார். நாலு நாளில் ஜாமீன் கிடைத்தது. புகார் நிரூபணமாகிறதோ இல்லையோ, பயணச் செலவுக்குக் கணக்குக் கேட்கலாம் என்ற நிலை வந்ததே பெரிய விஷயம்.

தென் கொரியா இதைக் கொஞ்சம் யோசித்து எழுதியிருக்கிறது. அங்கேயும் அதிபருக்குப் பாதுகாப்பு உண்டு, ஆனால் தேசத் துரோகத்துக்கும் ஆட்சிக் கவிழ்ப்புக் கிளர்ச்சிக்கும் அது செல்லாது. அதனால்தான் 2024 டிசம்பர் 3 இரவு ராணுவச் சட்டம் அறிவித்த அதிபர் யூன் சுக் இயோலை, பதவி முழுதாகப் போகும் முன்பே, 2025 ஜனவரியில் கைது செய்ய முடிந்தது. எந்தக் குற்றத்துக்குப் பாதுகாப்பு, எதற்கு இல்லை என்று பிரித்துச் சொல்வது முடியாத காரியம் இல்லை.

நாமும் பிரிக்கலாம். ஜனாதிபதி, ஆளுநர் மேல் பதவிக்காலத்தில் வழக்கு நடக்க வேண்டாம், கைதும் வேண்டாம். ஆனால் புகாரைப் பதிவு செய்யட்டும். சாட்சிகளின் வாக்குமூலத்தை எழுதி வாங்கட்டும், பதிவுகளைப் பத்திரப்படுத்தட்டும். மாநில போலீஸ் ஆளுநரைப் பழிவாங்கும் என்ற பயம் நியாயமானதுதான்; நம் நாட்டில் ஆளுநர்களுக்கும் மாநில அரசுகளுக்கும் நடக்கும் சண்டையை நாம் பார்க்காததா? அதனால் அந்த விசாரணை ஹைகோர்ட்டின் மேற்பார்வையில் நடக்கட்டும். பெண்கள் மேலான குற்றம் என்றால் வழக்கையும் தள்ளிப்போட வேண்டாம். இது என் கருத்து. உங்களுக்கு வேறு கருத்து இருந்தால் அவசியம் எழுதுங்கள், இந்தப் பக்கத்திலேயே போடுகிறேன்.

கூரத்து வாசகருக்கும் மற்ற எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். அரசியல் சட்டத்தைத் திருத்தும் அதிகாரம் பார்லிமென்டுக்குத்தான் உண்டு. உங்கள் எம்.பி. ஏதாவது நிகழ்ச்சிக்கு உங்கள் ஊருக்கு வராமல் இருக்க மாட்டார். வரும்போது, 361-வது பிரிவில் ஆளுநருக்கு எதிரான புகாரை விசாரிக்க வழி செய்யும் திருத்தத்தை ஆதரிப்பீர்களா என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்